மூன்று தேசத்துச் சம்பளச் சீட்டுகள்

சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மண்டபத்தைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பேச்சு வழக்கம்போல சம்பளத்தில் வந்து நின்றது. பேசியவர்கள் மூன்று பேர். மூவருக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். ஒருத்தி பாரிஸில் இருக்கும் என் பெரியப்பா மகனுடைய பெண். என்னைச் சித்தப்பா என்பாள். இன்னொருவன் கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகன். மூன்றாமவள் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி. பெயரை எழுதக் கூடாது என்று மூவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஊரை வைத்தே சொல்கிறேன்.

பேச்சுக்குக் காரணம் பேத்திதான். அவளைப் பாரிஸுக்கு அனுப்ப அவள் கம்பெனி தயாராக இருக்கிறது. கலிபோர்னியாக்காரனோ, "பாரிஸ்ல போய் என்ன பண்ணப் போறே? அங்க ஒரு மாசம் வாங்கறத இங்க பத்து நாள்ல வாங்கலாம். பேசாம அமெரிக்கா வந்து எம்.எஸ். படி" என்றான். பாரிஸ்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. "காசு மட்டும் வாழ்க்கையா?" என்றாள். பேத்தி என்னைப் பார்த்து, "தாத்தா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் புதுச்சேரி அரசில் 36 வருடம் குப்பை கொட்டியவன், அதில் பெரும்பகுதி கணக்குப் பிரிவில். மற்றவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டே தலை நரைத்தவன். ஒருவர் "எனக்கு இவ்வளவு சம்பளம்" என்று சொன்னால் நான் நம்புவதில்லை. சீட்டைக் காட்டச் சொல்வேன். அன்றும் அதைத்தான் சொன்னேன். மூன்று பேரும் கைபேசியில் தங்கள் சம்பளச் சீட்டைத் திறந்து காட்டினார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராத்திரி பதினொரு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் பழைய புத்தகங்களையும் புரட்டினேன். எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாரிஸ் சீட்டு. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த எனக்கே மூச்சு வாங்கியது, அத்தனை வரிகள். நோய்க்கு ஒரு வரி, முதுமைக்கு ஒன்று, அதற்கு மேல் துணை ஓய்வூதியத்துக்கு ஒன்று, வேலை இழப்புக்கு ஒன்று, குடும்பப் படிக்கு ஒன்று, வேலை நேர விபத்துக்கு ஒன்று. இடது பக்கம் தொழிலாளி கொடுப்பது, வலது பக்கம் முதலாளி கொடுப்பது. மொத்தச் சம்பளம் 4,000 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருவது ஏறத்தாழ 3,100. வருமான வரியும் 2019 முதல் அதிலேயே பிடித்தம். முதலாளிக்கு ஆகும் செலவோ 4,000 அல்ல, ஏறத்தாழ 5,700. ஆக ஒரே ஆளுக்கு மூன்று சம்பளம்: கொடுப்பவன் கணக்கில் ஒன்று, சீட்டில் ஒன்று, கையில் ஒன்று. கலிபோர்னியாக்காரன் கேலி செய்தது மூன்றாவதை. தன் பக்கம் சொன்னது பிடித்தத்துக்கு முந்தைய தொகையை. இந்த மாதிரி ஒப்பீட்டை எங்கள் ஆபீசில் தணிக்கைக்காரர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

இந்த வரிகளெல்லாம் எப்போது வந்தன? பெரும்பாலானவை 1945 அக்டோபரில். ஜெர்மானியர் வெளியேறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாலங்கள் இடிந்து கிடந்தன, ரொட்டி ரேஷனில் கிடைத்தது. அந்த நிலைமையில் அந்த மாதம் 4, 19 தேதிகளில் பிறந்த இரண்டு அவசரச் சட்டங்கள்தான் பிரான்ஸின் 'செக்குரித்தே சொசியால்'. திட்டம் போட்டவர் பியர் லரோக் என்ற அதிகாரி. அதை ஊர் ஊராக நடைமுறைக்குக் கொண்டுவந்த மந்திரி அம்புருவாஸ் குருவாசா, உலோகத் தொழிலாளியாக இருந்தவர். 1947-ல் 'காத்ர்' எனப்படும் பொறியாளர், மேலாளர் வகுப்புக்குத் தனித் துணை ஓய்வூதியம் வந்தது. எங்கள் பெண் அந்த வகுப்பு. 1958 கடைசி நாளில் வேலையில்லாக் காப்பீடு கையெழுத்தானது. அப்போது கம்ப்யூட்டருக்கே அங்கே சரியாகப் பெயர் பழகியிருக்கவில்லை. 'ஒர்தினத்தேர்' என்ற சொல்லை ஐ.பி.எம். கம்பெனிக்கு எடுத்துக் கொடுத்தவர் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர். வருடம் 1955. உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறித்த பழைய சொல் அது. ஒரு இரும்புப் பெட்டிக்கு இவ்வளவு பெரிய பட்டமா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

விடுமுறை விஷயம் இன்னும் பழையது. 1936 ஜூன் மாதம், லெயோன் புளூம் பிரதமர். தேசம் முழுக்க தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம். அந்த ஒரு மாதத்தில் வாரம் 40 மணி நேரம், வருடம் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டமானது. 1956-ல் அது மூன்று வாரமாகி, 1969-ல் நான்காகி, 1982-ல் ஐந்தாகியது.

இங்கே எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாரிஸில் அந்தச் சட்டங்கள் வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் போராடிய புதுச்சேரி சவானா மில் தொழிலாளிகளைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம் அது. 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதலில் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். இன்றும் ஜூலை 30 வந்தால் மாலை போடுகிறார்கள். பாரிஸ்காரியிடம் இதைச் சொன்னபோது, "இதெல்லாம் எங்க ஸ்கூல்ல சொல்லித் தரலையே சித்தப்பா" என்றாள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. பஸ்தீலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தோம். ஸ்டேஷன் பக்கத்து மில்லைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

பாரிஸில் வாரம் 35 மணி நேரம்தான் வேலை என்று ஊரெல்லாம் நினைக்கிறார்கள். 1998, 2000 வருடங்களில் மர்த்தீன் ஒப்ரி கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்த 35 பொருந்தாது. அவளுடையது நாள் கணக்கு ஒப்பந்தம், வருடம் 218 நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 365-ல் 218 போனால் 147. சனி ஞாயிறு 104, வருட விடுப்பு 25, வாரநாளில் விழும் பொது விடுமுறை எட்டோ ஒன்பதோ. மிச்சம் ஒன்பது, பத்து நாள் கூடுதல் ஓய்வு. ஆனால் வேலை நாளில் மணிக்கணக்கு பார்க்கப்படாது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே 11 மணி நேர இடைவெளி வேண்டும் என்பதுதான் சட்டம். "ராத்திரி எட்டு மணிவரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன் சித்தப்பா. ஓவர்டைம்னு ஒரு சென்ட் கிடையாது" என்றாள். இத்தனைக்கும் அவளுக்கு மொத்தச் சம்பளம் 12 வருடத்தில் பெரிதாக ஏறவில்லை. அங்கே வேலையை விட்டு நீக்குவதும் கஷ்டம், சம்பளத்தை வாரிக் கொடுப்பதும் அபூர்வம். ஒன்று மற்றதன் விலை என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கலிபோர்னியா சீட்டு. சின்னதாக, லட்சணமாக இருந்தது. 10,000 டாலருக்குப் பிடித்தம் பார்த்தால் முதுமைக் காப்பீட்டுக்கு 6.2 சதவீதம், அதாவது 620. இது 1935-ல் ரூஸ்வெல்ட் போட்ட சட்டம். முதியோர் மருத்துவத்துக்கு 1.45 சதவீதம், 145. பிறகு மத்திய, மாநில வருமான வரிகள். அதற்கடுத்து ஒரு சின்ன வரியில் மருத்துவக் காப்பீடு. கதை முழுவதும் அந்தச் சின்ன வரியில்தான் இருக்கிறது.

1942 அக்டோபர். அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியிருந்தது. விலைவாசி ஏறாமலிருக்கச் சம்பளங்களை உறைய வைத்தார்கள். ஆலைகளுக்கோ ஆள் கிடைக்கவில்லை. சம்பளத்தைக் கூட்டி ஆள் பிடிக்க முடியாது. ஆனால் நியாயமான அளவில் காப்பீடும் ஓய்வூதியமும் சம்பளமாகக் கருதப்படாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. முதலாளிகள் அந்தச் சந்து வழியாகப் புகுந்தார்கள். கப்பல் கட்டும் ஹென்றி கைசர், கலிபோர்னியா ரிச்மண்டில் தன் தொழிலாளிகளுக்கு நடத்திய வைத்தியத் திட்டம் யுத்தம் முடிந்தபோது பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய கைசர் பெர்மனென்டே. 1954-ல் முதலாளி கட்டும் காப்பீட்டுப் பணத்துக்கு வரி கிடையாது என்பது வருமான வரிச் சட்டத்தில் உறுதியானது. யுத்த காலத்துத் தற்காலிக ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. பிரான்ஸில் வைத்தியம் குடிமக்களோடு ஒட்டிக்கொண்டது, அமெரிக்காவில் வேலையோடு ஒட்டிக்கொண்டது. மூன்று வருட இடைவெளியில் எடுத்த இரண்டு முடிவுகள்தான் இவை. 2024-ல் அங்கே ஒரு குடும்பத்துக்கு முதலாளி வழியாக எடுக்கும் காப்பீட்டின் சராசரி வருடப் பிரீமியம் 25,000 டாலருக்கு மேல். தொழிலாளி சீட்டில் தெரிவது அதில் கால் பங்குதான்.

நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது கலிபோர்னியாக்காரன் சத்தமில்லாமல் இருந்தான். பிறகு சொன்னான். 2023 ஜனவரியில் அவன் வேலை போனது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லை. சொந்த ஈமெயிலுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அப்போது மனைவிக்கு ஏழாம் மாதம். எச்-1பி விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதுகூட 2017-ல்தான் விதியானது. அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். காப்பீட்டைத் தொடரலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து முழுத் தொகையும் தானே கட்ட வேண்டும். மாதம் 2,000 டாலருக்கு மேல் கட்டினானாம். 51-ஆம் நாள் வேறு வேலை கிடைத்தது, பழையதைவிடக் குறைந்த சம்பளத்தில். "அம்மாகிட்ட சொல்லல மாமா. அவங்களுக்கு பிரஷர் ஏறிடும்" என்றான். என் தங்கை அடுத்த அறையில் மிச்சமிருந்த பூந்தியை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்துவிட்டது. வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எதுவும் கேட்கவில்லை.

அவன் பக்க நியாயத்தையும் எழுத வேண்டும். அந்தச் சம்பளம் பொய்யல்ல. அப்பாவின் கடனை அடைத்தான், தங்கைக்குக் கல்யாணம் செய்தான், லாஸ்பேட்டையில் வீடு கட்டினான். நான் ஆயுள் முழுதும் வாங்கியதை அவன் சில வருடங்களில் மிச்சம் பிடித்திருப்பான். ஏன் அங்கே மட்டும் இவ்வளவு கொடுக்கிறார்கள்? பல காரணங்கள் உண்டு. எனக்குச் சுவையாகப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் 1872 முதலே ஒரு சட்டம் இருக்கிறது: வேலையை விட்டுப் போகிறவனைப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டால் அது செல்லாது. தங்கம் தோண்டிய காலத்துக்குச் சற்றுப் பின் எழுதியது, இன்றும் செல்லுபடியாகிறது. 1957-ல் ஷாக்லியை விட்டு எட்டுப் பேர் போய் ஃபேர்சைல்டு தொடங்கினார்கள். 1968-ல் அங்கிருந்து நாய்ஸும் மூரும் போய் இன்டெல் தொடங்கினார்கள். ஆள் போய்விடுவான் என்ற பயம் இருந்தால்தான் சம்பளம் ஏறும், பங்கு கொடுப்பார்கள். அந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ளப் பெரிய கம்பெனிகள் ஒருவர் ஆளை ஒருவர் இழுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்ததும் நடந்தது. 2010-ல் அமெரிக்க நீதித்துறை தலையிட்டது. ஆப்பிள், கூகிள், இன்டெல், அடோபி நான்கும் 64,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்காக 41.5 கோடி டாலர் கொடுத்து 2015-ல் வழக்கை முடித்துக்கொண்டன.

எச்-1பி விசாவோ இதற்கு நேர் எதிர். அமெரிக்கன் நினைத்தால் நாளைக்கே எதிர்க் கம்பெனிக்குப் போகலாம். இவன் போவதென்றால் புதுக் கம்பெனி மனுப் போட வேண்டும், பச்சை அட்டை வரிசை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1990 சட்டத்தில் வருடம் 65,000 பேர் என்று தொடங்கிய விசா இது. கம்பெனிகளுக்கு ஆள் போதாமல் 1,15,000 ஆக்கி, பிறகு 1,95,000 ஆக்கி, 2004-க்கான கணக்கில் மறுபடி 65,000-க்கே கொண்டுவந்தார்கள். மேல்படிப்பை அங்கேயே முடித்தவர்களுக்குப் பின்னால் 20,000 தனியாகச் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். இந்த அறிவிப்பைப் பற்றிப் பேத்தி கேட்டபோது அவனால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

எந்த தேசத்துக் குடிமகன் என்பதை வைத்துச் சம்பளம் மாறுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனா வரை போனவர். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தப்படி புதுச்சேரி சட்டபூர்வமாக இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. "நமக்கு எதுக்கு அது" என்றாராம். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஒரே தெரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனால் மாதா மாதம் பெரியப்பா வீட்டுக்கு பிராங்க் வந்தது. அவர் போன பிறகும் பெரியம்மாவுக்கு வந்த பென்ஷன், கடை வைத்திருந்த என் அப்பாவின் வருமானத்தைவிட அதிகம். அந்தக் கையெழுத்தின் நீட்சிதான் இன்று பாரிஸில் இருக்கும் அந்தப் பெண். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இருபது வயதில் இருந்தது.

கடைசியில் பேத்தியின் சீட்டு. நம் நாட்டுச் சீட்டைப் பார்க்கும் முன் 'சி.டி.சி.' என்ற மாயத்தைப் பார்க்க வேண்டும். வேலைக் கடிதத்தில் வருட மொத்தம் என்று ஒரு பெரிய தொகை போடுகிறார்கள். அதில் முதலாளி கட்டும் பி.எஃப்., காப்பீட்டுப் பிரீமியம், பணிக்கொடை எல்லாம் அடக்கம். பணிக்கொடைச் சட்டம் 1972-ல் வந்தது. நான் பட்டியல் போட்ட காலம் முழுக்க ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும் என்பது விதி. இந்தப் பிள்ளைகளோ மூன்று வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறார்கள். கடிதத்தில் இருந்த பணம் கைக்கு வராமலே கணக்கில் வந்து போய்விடுகிறது. பிரெஞ்சுக்காரன் முதலாளி பங்கைத் தனிப் பத்தியில் எழுதுகிறான், நம் ஆள் அதையும் உன் சம்பளம் என்கிறான்.

பி.எஃப். சட்டம் 1952. பஞ்சாலை, சிமெண்டு, இரும்பு மாதிரி ஆறு தொழில்களுக்காக முதலில் வந்தது. 1995-ல் அதோடு ஓய்வூதியத் திட்டம் சேர்ந்தது. 2014 முதல் அதற்குச் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். பேத்திக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது: 15,000-ஐ 35 வருட சேவையால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 7,500. உயர் சம்பளத்துக்கு விருப்பம் கொடுத்துக் கிடைத்தவர்களை விட்டுவிட்டால், லட்சங்களில் வாங்கும் பொறியாளருக்கும் மாத ஓய்வூதியம் இதுதான். 2014 செப்டம்பருக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்து, அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பேத்தி அந்த வகை.

"அப்ப உங்களுக்கு எவ்வளவு தாத்தா வருது?" என்று கேட்டாள்.

நான் எல்.டி.சி.யாக 1975-ல் சேர்ந்தபோது சம்பள விகிதம் 260–400. தொடக்கத்தில் வருட உயர்வு 6 ரூபாய். சிரிக்காதீர்கள், அந்த 6 ரூபாய்க்கு ஒரு கோப்பு உண்டு. எங்களுக்கு மத்திய அரசின் சம்பளக் கமிஷன்தான் அளவுகோல். கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், அதன்மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஞ்சப்படி. தொகையைச் சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் அறுபது வயதுக்கு அவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கைவிட ஒரு குமாஸ்தாவின் ஓய்வூதியம் உறுதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. 2004 ஜனவரி முதல் தேதிக்குப் பின் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது கிடையாது என்பதையும் சொன்னேன். அவர்களுக்கு வந்தது சந்தையை நம்பும் திட்டம். ஒரே நாற்காலி, ஒரே கோப்பு, ஒரு தேதிதான் வித்தியாசம்.

நம் சீட்டில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017 முதல் பிரசவ விடுப்பு இங்கே 26 வாரம். பாரிஸில் 16 வாரம். அமெரிக்க மத்திய சட்டத்தில் சம்பளத்தோடு பிரசவ விடுப்பே கிடையாது. 1993 சட்டப்படி 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு மட்டும்தான். கலிபோர்னியா மாநிலம் 2004 முதல் தன் பங்குக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கிறது. பாரிஸ்காரி இதை நம்பவில்லை, கைபேசியில் தேடிப் பார்த்தாள். உடனே, "ஆனா உங்க ஊர்ல வாரம் 70 மணி நேரம் வேலை செய்யச் சொல்றாங்களாமே" என்று திருப்பிக் கொடுத்தாள். நாராயண மூர்த்தி 2023-ல் சொன்னது அங்கேயும் எட்டியிருக்கிறது.

பேத்தி எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நம் வழக்கம், தப்பு சொல்ல முடியாது. 1986-ல் எகானமிஸ்ட் பத்திரிகை வெவ்வேறு ஊரில் ஒரே ஹாம்பர்கர் என்ன விலை என்று பார்த்து நாணயங்களை எடை போடத் தொடங்கியது. வேடிக்கையாகத் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஆனால் ஹாம்பர்கரை எடை போடலாம், வேலை போன மாதத்தை எப்படி எடை போடுவது? பாரிஸில் வேலை போனால் பழைய மொத்தச் சம்பளத்தில் ஏறத்தாழ 57 சதவீதம், நம் பேத்தி வயதுக்காரர்களுக்கு 18 மாதம் வரை கிடைக்கும். அங்கே பிள்ளை பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் படிக்க வருடக் கட்டணம் 200 யூரோவுக்கும் குறைவு. கலிபோர்னியாக்காரனோ மூன்று வயதுப் பெண்ணின் கல்லூரிக்கு இப்போதே மாதா மாதம் எடுத்து வைக்கிறான். அவன் சம்பளத்தில் அது கழிய வேண்டும். கழித்த பிறகும் அவன் கையில் நிற்பதே அதிகம் என்று என் கணக்கில் வந்தது. உடம்பு நன்றாக இருந்து, வேலை தொடர்ந்து இருந்தால்.

"இருந்தால்" என்ற சொல்லைப் பாரிஸ்காரி பிடித்துக்கொண்டாள். "அந்த இருந்தாலுக்குத்தான் நாங்க மாசா மாசம் கட்டறோம்" என்றாள். அவன் மறுக்கவில்லை. ஆனால், "முப்பது வயசுல அவ்வளவு கட்டினா, எப்ப அக்கா சேர்க்கறது?" என்று கேட்டான். அதற்கு அவளிடமும் பதில் இல்லை. பாரிஸில் இருபது வருடம் வேலை பார்த்தும் சொந்த வீடு இல்லை அவளுக்கு.

மூன்று சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஆட்களின் திறமை வித்தியாசம் அல்ல. மூவரும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை. ஒருத்திக்கு 1945, ஒருவனுக்கு 1942, இவளுக்கு 1952. கம்ப்யூட்டர் என்ன என்றே தெரியாதவர்கள், வேறு யாருடைய பிரச்சினைக்காகவோ எழுதிய வரிகளில் இவர்கள் குடியிருக்கிறார்கள். ஜெர்மனியில் கேட்டால் பிஸ்மார்க்கின் 1883 நோய்க் காப்பீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அது தனிக் கதை.

அன்றிரவு முடிவு எதுவும் ஆகவில்லை. போன வாரம் பேத்தி வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருந்தாள். பாரிஸ் வேலைக்கான ஒப்பந்தம், 11 பக்கம். "தாத்தா, மெஷின் மொழிபெயர்ப்புல ஆறாவது பிரிவு புரியல. நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தாள். ஆறாவது பிரிவு 218 நாள் கணக்கைப் பற்றியது. பெட்டியிலிருந்து பழைய அகராதியை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து, ஓரத்தில் குறிப்போடு தமிழில் எழுதி அனுப்பினேன். தகுதிகாண் காலம் மூன்றாவது பிரிவில் இருக்கிறது, அதையும் படி என்று சேர்த்தேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.